சுனைக்குள் ஒரு கோயில்!

எங்கள் மாங்காட்டுப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் செம்பரம்பாக்கம் ஏரி நன்றாகத் தெரியும். ஏரி என்பது, மனிதர்கள் கரை கட்டி நீரைத் தேக்கிய இடம். யாரும் வெட்டாமல், கரை கட்டாமல், பாறைப் பள்ளத்திலேயே மழைநீர் தேங்கி நிற்கும் இடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அதற்குப் பெயர்தான் சுனை!

சுனையையும், இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையையும் ஒரே குன்றில் பார்க்க ஆசையா? விடுமுறையில் சித்தன்னவாசலுக்குப் போய் வாருங்கள். புதுக்கோட்டை நகரிலிருந்து சுமார் 16 கி.மீ. தூரம்தான்.

ஏழு படிகள்

குன்றின் மேல் ஏழடிப்பட்டம் என்ற இயற்கைக் குகை இருக்கிறது. பாறையில் செதுக்கிய ஏழு படிகளைக் கடந்து போவதால் இந்தப் பெயர். உள்ளே, சமணத் துறவிகள் தங்கிய கற்படுக்கைகள் உள்ளன. கல்லிலேயே தலையணையும் உண்டு! ஒரு படுக்கையில் உள்ள தமிழ்-பிராமி எழுத்து, கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் கருதுகின்றனர்.

மொட்டைப் பாறையில் தண்ணீருக்கு எங்கே போவது? சுனைதான் துணை! இக்குன்றில் உள்ள சுனைக்கு நாவற்சுனை என்று பெயர். அதற்குள் பாறையைக் குடைந்த சின்னஞ்சிறு சிவன் கோயில், நீருக்குள் மூழ்கியே இருக்கிறது. நீர் வற்றினால்தான் கண்ணில் படும்!

கூரையில் தாமரைக் குளம்

குன்றின் மேற்குப் பக்கம் அறிவர் கோயில். அதன் கூரையில் ஒரு தாமரைக் குளமே தீட்டப்பட்டுள்ளது. மீன், யானை, எருமை, பறவைகள், பூப்பறிக்கும் மனிதர்கள்... எல்லாம் உண்டு. 9-ஆம் நூற்றாண்டில் இக்கோயிலைப் புதுப்பித்தவர், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்கிறது கல்வெட்டு.

மாயர்களின் கிணறு

கடல் கடந்து மெக்சிகோவிலும் இப்படி ஓர் இடம் உண்டு. அங்கே யுகட்டான் பகுதியில், மழைநீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக் குகையாக்கும். குகையின் கூரை இடிந்து விழுந்தால், அடியில் நிலத்தடி நீர் தெரியும். அதுதான் செனோட்டே. நம் சித்தன்னவாசல் பாறை அப்படிக் கரையாது. அதனால் நீர் மேலேயே தேங்குகிறது.

மாய மக்களின் பழைய நகரமான சிச்சென் இட்சாவின் பெயருக்கே, 'இட்சா மக்களின் கிணற்று வாயில்' என்று பொருள். அங்குள்ள பிரமிடில் பக்கத்துக்கு 91 படிகள், உச்சியில் ஒன்று. கூட்டிப் பாருங்கள், 365! ஓர் ஆண்டின் நாட்கள்!

சில செனோட்டேகளில், மிதவைச் சட்டை அணிந்து நீந்த விடுகிறார்கள். ஆனால், சிச்சென் இட்சாவின் புனிதச் செனோட்டேயில் யாரும் இறங்கக் கூடாது.

இரண்டு உறுதிமொழிகள்

சுனையில் இறங்க மாட்டேன். அதன் ஓரம் பாசி படிந்து வழுக்கும். ஆழம் கண்ணுக்குத் தெரியாது. நீச்சல் தெரிந்தவர்களையும் அது ஏமாற்றிவிடும்.

சுவரில் பெயர் கிறுக்க மாட்டேன். சித்தன்னவாசல் ஓவியங்களில் பெரும்பகுதி ஏற்கெனவே அழிந்துவிட்டது. ஆயிரம் ஆண்டு தாங்கிய வண்ணத்தைக் கெடுக்க, ஓர் ஆணி போதும்!

இனி எந்தப் பழைய கோயிலுக்கோ, கோட்டைக்கோ போனாலும், 'இங்கிருந்தவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து கிடைத்தது?' என்று கேளுங்கள். பக்கத்திலேயே ஒரு சுனையோ, குளமோ, கிணறோ உங்களுக்காகக் காத்திருக்கும்!