வெட்டுப்பட்ட கைக்குத் தையல்

சேத்தியாத்தோப்பைச் சுற்றிலும் கரும்புதான். எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கிவிட்டால், கொல்லையில் கத்திகளுக்கு ஓய்வே கிடையாது. ஒரு கையில் கத்தி. மறு கையில் கரும்பு. குறி கொஞ்சம் தவறினால் வெட்டு கையில்தான் விழும்.

இரத்தம் கொட்டுகிறது. பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார்? காப்பித்தூளைத் தேடி ஓடுகிறார்! இன்னொருவர் சுண்ணாம்பு என்கிறார். கந்தைத் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி கரும்பு வெட்டப் போகிறவரும் உண்டு. அரை நாள் கூலி போய்விடுமே!

காப்பித்தூளும் சுண்ணாம்பும் புண்ணுக்குள் அழுக்கைச் சேர்க்கும், அவ்வளவுதான். சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை மேலே தூக்கியபடி உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நேரம் ஆக ஆகக் கிருமி பெருகும்.

டாக்டர் எடுத்ததும் ஊசியைத் தொடமாட்டார். “விரலை மடக்கு, நீட்டு” என்பார். விரலை இழுக்கும் தசைநாண் அறுந்திருந்தால், மேல்தோலை மட்டும் தைத்து என்ன பயன்? விரல் மடங்காதே! பிறகு மரத்துப்போக ஊசி போட்டு, காயத்தை நன்றாகக் கழுவுவார். தையலைவிட இந்தக் கழுவல்தான் முக்கியம்.

தைக்கும் ஊசி பிறைபோல் வளைந்திருக்கும். அதை இடுக்கியால் பிடித்துத் தைப்பார்கள். ஒவ்வொரு தையலுக்கும் தனி முடிச்சு. ஒன்று அவிழ்ந்தாலும் மற்றவை தாங்கும். சீழ் பிடித்தால் அந்த ஒரு முடிச்சை மட்டும் எடுத்துவிடலாம். ஒரே நூலாக ஓட்டித் தைப்பது சீக்கிரம் முடியும். ஆனால் நூல் அறுந்தால் முழுவதும் தளர்ந்துவிடும். ஆழமான வெட்டுக்கு, மெத்தை தைப்பதுபோல் தூரத்தில் ஒரு முறையும் ஓரத்தில் ஒரு முறையும் நூலைக் கொண்டுவருவார்கள். இறுக்கிக் கட்டினால் நல்லது என்று நினைக்கவேண்டாம். அதிகம் இறுகினால் இரத்த ஓட்டம் நின்று தோலே செத்துவிடும்.

இது இன்று நேற்று வந்த வித்தை அல்ல. சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய மருத்துவ நூல் 4 வகைத் தையலைச் சொல்கிறது. மாணவர்கள் துணியிலும் தோலிலும் தைத்துப் பழகவேண்டும் என்றும் கூறுகிறது. நூல்தான் இப்போது மாறிவிட்டது. மேலே நைலான், உள்ளே தானே கரையும் நூல்.

எல்லாக் காயத்தையும் தைப்பார்களா? மாட்டார்கள். நாய் கடித்த இடத்தைப் பெரும்பாலும் உடனே தைப்பதில்லை. சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, வெறிநாய்த் தடுப்பூசிக்குப் போகவேண்டும். கத்தி வெட்டானால் இரணஜன்னி ஊசி தேவையா என்று கேட்டுக்கொள்ளவேண்டும்.

முகத்தில் போட்ட தையலை 5 நாளில் பிரித்துவிடலாம். கைக்கு 10 நாளாவது வேண்டும். மூட்டின் மேல் என்றால் 2 வாரம்கூட ஆகும். ஆனால் கொல்லை வேலை காத்திருக்கிறதே! வலி குறைந்ததும் ஐந்தாம் நாளே வீட்டில் பிளேடால் நூலை அறுத்துக்கொண்டு கத்தியைப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அன்று மாலையே வெட்டு வாய் பிளந்துகொள்ளும். திரும்பவும் ஆஸ்பத்திரி, இந்த முறை போகிற கூலி அரை நாள் அல்ல, பல நாள்.