ஏ9 வீதியில் தனியாக: வடக்குப் பயணத்தைப் பாதுகாப்பாகத் திட்டமிடுவது எப்படி?

நாவலப்பிட்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சுமார் 360 கிலோமீற்றர். கம்பளை, பேராதனை வழியாகக் கண்டிக்கு வந்து ஏ9 வீதியில் ஏறினால், அந்த ஒரே வீதி மத்திய, வடமத்திய, வட மாகாணங்களைக் கடந்து யாழ்ப்பாணத்தில் முடிகிறது.

1977, 1983 வன்முறைகளுக்குப் பின்னர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய மலையகக் குடும்பங்கள் ஏராளம். ஆகவே எங்கள் பக்கத்தில் பலருக்கு இது உல்லாசப் பயண வீதி அல்ல. கலியாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் போகிற வீதி. நானும் அப்படித்தான் மோட்டார் சைக்கிளில் தனியாகப் போய்வருகிறேன். தாங்களும் போக விரும்பி விவரம் கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

போர்க்காலத்தில் நீண்டகாலம் மூடிக்கிடந்த ஏ9, 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் திறக்கப்பட்டு, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. ஓமந்தைச் சோதனைச் சாவடி 2015 இல்தான் அகற்றப்பட்டது. அதுவரை பயணம் என்றால் 'எங்கே மறிப்பார்கள்?' என்பதே எங்கள் முதல் கேள்வி. அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் இன்று இந்த வீதியில் தனியாகப் போகிறவரின் உயிருக்கு ஆபத்தாக இருப்பவை வேறு: தூக்கக் கலக்கம், வெயில், இருட்டு, யானை, வீதியோரக் காடு. திட்டமும் அதற்கேற்ப மாறவேண்டும்.

எந்த மாதம்?

மலையகத்தில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. மண்சரிவு அபாயமும் அப்போது உண்டு. வன்னியில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் வெள்ளமும். இரு பக்கமும் ஓரளவு காய்ந்திருப்பது பெப்ரவரி, மார்ச் மாதங்களில். சோளகக் காற்று வீசும் ஜூன், ஜூலையில் ஆனையிறவு வெட்டையில் பக்கக்காற்று மோட்டார் சைக்கிளைத் தள்ளும். அங்கே வேகத்தைக் குறைத்தே ஓட்டவேண்டும்.

பகலை எப்படிப் பிரிப்பது?

காலை 5 மணிக்குப் புறப்பட்டால் கண்டி, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை நெரிசலுக்கு முன் தாண்டிவிடலாம். மாத்தளை கடந்து தம்புள்ளையில் காலைச் சாப்பாடு. மிகிந்தலை, மதவாச்சி வழியாக முற்பகல் முடிவதற்குள் வவுனியா.

வவுனியாவில் கட்டாயம் நிற்கவேண்டும். அங்கிருந்து யாழ்ப்பாணம் இன்னும் ஏறத்தாழ 140 கிலோமீற்றர். உச்சி வெயிலில் நேரான வன்னி வீதியில் ஓட்டும்போது கண் தானாக மூடும். மூன்று மணி நேரம் படுத்தெழும்புங்கள். களைப்புத் தீரவில்லையென்றால் இரவு அங்கேயே தங்கி, விடிந்தபின் போவதே புத்தி.

வீதி வளைவில்லாமல் கிடக்கிறதே என்று வேகத்தைக் கூட்டவேண்டாம். மோட்டார் சைக்கிளுக்கு நகர்ப்பகுதியில் மணிக்கு 50, வெளியே 70 கிலோமீற்றரே எல்லை.

மாலை 6 மணிக்குப் பின் வீதியில் இருக்கக்கூடாது என்பது என் விதி. மதவாச்சிக்கு அப்பால் காட்டோரங்களில் யானை வரலாம். கண்டால் ஹோர்ன் அடிக்காமல், வெளிச்சம் பாய்ச்சாமல், தூரத்திலேயே நின்று அது போகும்வரை காத்திருங்கள். இரவில் சூட்டுக்காகத் தாரில் படுத்திருக்கும் மாடுகள் யானையைவிட அடிக்கடி எதிர்ப்படும்.

தாரை விட்டு இறங்காதீர்கள்

சிறுநீர் கழிக்கவோ, படம் எடுக்கவோ, நிழல் தேடியோ பற்றைக்குள் போகவேண்டாம். நாட்டின் மிகப் பெரிய கண்ணிவெடிப் பிரதேசங்களில் ஒன்றான முகமாலை இதே ஏ9 ஓரத்தில்தான் இருக்கிறது. ஹலோ ட்ரஸ்ட் உள்ளிட்ட அமைப்புகள் பல ஆண்டுகளாக நிலத்தைத் துப்புரவாக்கி வந்திருக்கின்றன. 2028 ஜூன் மாதத்துக்குள் முழு நாட்டிலும் இந்த வேலையை முடிப்பதாக இலங்கை சர்வதேச உடன்படிக்கையின் கீழ் ஏற்றுக்கொண்டிருக்கிறது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அதைத் தாண்டவே கூடாது. பலகை இல்லை என்பதற்காக இடம் பாதுகாப்பானது என்றும் எண்ணக்கூடாது. நிற்பதானால் கடையடியிலோ கோயிலடியிலோ நில்லுங்கள். முறிகண்டிப் பிள்ளையாரடியில் வாகனங்கள் நின்று, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிப் போவது பழைய வழக்கம். தனியாக ஓட்டுகிறவருக்கு அது நல்ல ஓய்விடமும்கூட.

கையில் இருக்கவேண்டியவை

தேசிய அடையாள அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், வாகன வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி. பொலிஸார் மறித்தால் பதற்றப்படாமல் காட்டுங்கள். 1987 முதல் தமிழும் அரசகரும மொழி. விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பமிடாமல், தமிழில் தரும்படி கேட்கலாம்.

புறப்பட முதல்நாள் டயர், பிரேக், சங்கிலி, முன்விளக்கைப் பாருங்கள். பெற்றோலை வவுனியாவில் நிரப்புங்கள். குறைந்தது இரண்டு லீற்றர் தண்ணீர் வேண்டும். இரத்த வகையையும் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தையும் கடதாசியில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். விபத்தென்றால் 1990 இலவச அம்புலன்ஸ், பொலிஸ் 119.

தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி என நிற்கும் இடங்களையும் நேரங்களையும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் அழையுங்கள். குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் கடந்தும் அழைப்பு வராவிட்டால் யாரிடம் விசாரிப்பது என்பதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். காணாமற்போனவர்களைத் தேடிக்கொண்டிருக்கும் எங்கள் சமூகத்தில், 'வந்து சேர்ந்திட்டன்' என்ற ஒரு சொல்லுக்காக வீட்டில் இருப்பவர்கள் படும் பாட்டைச் சொல்லத் தேவையில்லை.

மனதுக்கும் இடம் விடுங்கள்

மாங்குளம், பரந்தன், ஆனையிறவு என்பவை எங்களில் பலருக்கு வெறும் ஊர்ப்பெயர்கள் அல்ல. இடம்பெயர்ந்து நடந்த பாதையை, உறவைப் பறிகொடுத்த இடத்தை, ஹெல்மெட்டுக்குள் தனியாகக் கடக்கும்போது கை நடுங்கலாம், கண் கலங்கலாம். அந்த நிலையில் ஓட்டுவது தூக்கத்தில் ஓட்டுவதைப் போலவே ஆபத்து. அப்படியான இடம் உங்கள் வழியில் இருந்தால், அதற்கு முன்னாலுள்ள ஊரில் அரை மணி நேரத்தைத் திட்டத்திலேயே ஒதுக்குங்கள். முதல் தடவை போகிறவர்கள் மாங்குளத்திலோ பரந்தனிலோ இருந்து முல்லைத்தீவுப் பக்கம் திரும்புவதைத் தனியாகச் செய்யாமல், கிளிநொச்சியில் ஓர் உறவினரைச் சேர்த்துக்கொண்டு மறுநாள் போகலாம்.

முதல்நாள் இரவு சரியாகத் தூங்கவில்லையென்றால் மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கண்டியில் பஸ் ஏறுங்கள். வடக்கில் உங்களை எதிர்பார்த்திருப்பவர்களுக்கு, எப்படி வந்தீர்கள் என்பது முக்கியமில்லை.