போட்டோ சரிசெய்ய இலவச மென்பொருள்: எதை எடுக்கலாம்?



நம்ம குழுக்களில் செய்கிற ஊறுகாய், மசாலாப் பொடி, பனை ஓலைக் கூடை எல்லாவற்றுக்கும் இப்போது வாட்ஸ்அப்பில் போட்டோ பார்த்துத்தான் ஆர்டர் வருகிறது. பொருள் நல்லா இருந்தும் போட்டோ இருட்டா, பின்னாடி கொடியில் துணி தொங்க இருந்தால் யார் வாங்குவார்கள்? இதைச் சரிசெய்ய ஸ்டுடியோவுக்குப் போக வேண்டாம். இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. ஆனால் இலவசம் என்று எழுதினதெல்லாம் ஒரே மாதிரி இலவசம் இல்லை.

நமக்கு வேண்டிய வேலை கொஞ்சம்தான். ஓரத்தை வெட்டணும், வெளிச்சம் கூட்டணும், கோணலை நிமிர்த்தணும், விண்ணப்பத்துக்கு ஏற்ற மாதிரி படத்தின் அளவைக் குறைக்கணும். முதல் மூன்றும் பெரும்பாலான போன்களில் கேலரியிலேயே 'எடிட்' என்ற இடத்தில் உண்டு. அதைத் தொட்டுப் பார்க்காமல் புதுசா ஆப் தேடாதீங்க.

தேடும்போது கவனிக்க வேண்டியது, அந்த இலவசம் எது வரைக்கும் என்பதுதான். சில ஆப்கள் படத்தின் மூலையில் தங்கள் பெயரை அச்சடித்துவிடும். அதை எடுக்கப் பணம் கேட்கும். சில ஆப்கள் முதல் சில நாள் மட்டும் இலவசம். அதற்கே யுபிஐ ஒப்புதல் கேட்கும். பின் நம்பரைப் போட்டுவிட்டால், நாள் முடிந்ததும் கணக்கிலிருந்து தானாகப் பணம் போகும். ஆப்பை போனிலிருந்து அழித்தால் மட்டும் அது நிற்காது. பணம் அனுப்புகிற ஆப்பில் 'ஆட்டோபே' பகுதிக்குப் போய் ரத்து செய்யணும். படம் வெட்டுவதற்கு பின் நம்பர் கேட்கிற ஆப் நமக்கு வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

இன்னொரு வகை, வீட்டு உபயோகத்துக்கு மட்டும் இலவசம். இர்ஃபான்வியூ அப்படித்தான். நல்ல சாஃப்ட்வேர்தான், ஆனால் வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் கட்டணம் உண்டு. நாம் செய்வது வியாபாரம்.

போனுக்கு ஸ்னாப்சீட் எடுக்கலாம். 2012 முதல் கூகுளிடம் இருக்கிறது. விளம்பரம் கிடையாது, படத்தின் மேல் பெயர் போடாது. வெளிச்சம், நிறம், வெட்டுதல், தேவையில்லாத சின்னப் புள்ளியை அழித்தல் எல்லாம் அதில் முடியும்.

கூட்டமைப்பு ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஜிம்ப் நல்லது. 1996-லிருந்து இருக்கிறது. வீட்டுக்கு, கடைக்கு, அலுவலகத்துக்கு, எதற்கும் காசு இல்லை. எத்தனை கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும் போடலாம். மெனு நிறைய இருப்பதால் முதலில் மிரட்டும், பயப்படாதீங்க. நமக்கு வேண்டியது நாலைந்துதான். கடன் விண்ணப்பத்தில் "போட்டோ 50 கேபிக்குள்" என்று கேட்டால், 'இமேஜ்' மெனுவில் 'ஸ்கேல் இமேஜ்' போய் அகலத்தைக் குறையுங்கள். பிறகு 'ஃபைல்' மெனுவில் 'எக்ஸ்போர்ட் ஆஸ்' கொடுத்து, பெயரின் கடைசியில் ஜேபிஜி என்று ஆங்கிலத்தில் போடுங்கள். அப்போது வருகிற பெட்டியில் தரத்தைக் குறைத்தால் கேபி குறையும். 'சேவ்' மட்டும் கொடுத்தால் அது ஜிம்ப்பின் சொந்தக் கோப்பாகத்தான் சேமிக்கும்; விண்ணப்பம் அதை ஏற்காது. பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

இரண்டையும் சொந்த இடத்திலிருந்தே இறக்குங்கள்: ஸ்னாப்சீட்டை பிளே ஸ்டோரிலிருந்து, ஜிம்ப்பை ஜிம்ப் டாட் ஆர்க் தளத்திலிருந்து. யாராவது பென்டிரைவில் போட்டோஷாப்பை "சும்மா" போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம். அது காசு கட்டி வாங்க வேண்டிய சாஃப்ட்வேர். திருட்டுப் பிரதியோடு வைரஸும் சேர்ந்து வரலாம். அந்தக் கம்ப்யூட்டரில்தான் நம்ம குழுக் கணக்கெல்லாம் இருக்கிறது.

முன்பு பலர் பயன்படுத்திய பிகாசாவை 2016-ல் கூகுள் நிறுத்திவிட்டது. பழைய பிரதியைத் தேடி அலைய வேண்டாம்.

நிறத்தை மட்டும் அளவோடு கூட்டுங்கள். மஞ்சள் தூள் படத்தில் ஒரு நிறம், பாக்கெட்டில் ஒரு நிறம் என்றால் சரக்கு திரும்பி வரும், கூரியர் செலவு நம்ம தலையில். சரிசெய்த படத்தை வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் தெளிவு குறையாமல் போய்ச் சேரும்.