ஒரே அளவு இதயம் அண்ணனுக்குச் சரி, தங்கைக்குப் பெரிதா? ஏன்?

1915 இல் தொடங்கிய ஹெவ்லொக் விளையாட்டுக் கழகத்தால் றக்பிக்குப் பேர்போன இடம் ஹெவ்லொக் டவுன். அங்கே றக்பி ஆடும் பதினாறு வயது ஆறடிப் பொடியன் ஒருவனையும், பன்னிரண்டு வயதான அவனுடைய சின்னத் தங்கையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எக்கோ ஸ்கானில் இருவருக்கும் இதயத்தின் இடது கீழறை, இரத்தம் நிரம்பி விரிந்த நிலையில், 50 மில்லிமீற்றர். அவனுக்கு இது இயல்பு. தங்கைக்கோ வீக்கம்!

இதயமும் தண்ணீர் ஏற்றும் மோட்டர் போலத்தான். மாடிக் குடியிருப்புக்கு அளவான மோட்டர் சின்ன வீட்டில் இருந்தால், 'ஏன் இவ்வளவு பெரிது?' என்று கேட்போம் அல்லவா?

அதனால்தான் ஸ்கானுக்கு முன் உயரமும் நிறையும் எடுக்கிறார்கள். இரண்டிலிருந்தும் உடலின் மேற்பரப்பைக் கணக்கிட்டு, அந்த அளவு உடலுக்கு வழமையான இதயத்தோடு ஒப்பிடுகிறார்கள். இன்றும் புழங்கும் ஒரு மேற்பரப்புக் கணக்கு 1916 இல் வெறும் ஒன்பது பேரை அளந்து உருவானது. துணிச்சல்தான்!

ஆனால் கட்டடம் பெரிதென்றால் போதுமா? எத்தனை குழாய் திறக்கிறது என்பதே முக்கியம். உடலில் அதிகம் திறக்கும் குழாய் தசை. கொழுப்பு கொஞ்ச இரத்தமே கேட்கும். பருவமடையும்போது ஆண்பிள்ளைகளுக்குத் தசை கூடுகிறது, இதயமும் கூடவே வளர்கிறது. ஆகவே ஆண், பெண் இருபாலாருக்கும் ஒரே அளவுகோல் சரிவராது.

பருமனான பிள்ளையில் இன்னொரு சிக்கல்: கொழுப்பால் மேற்பரப்புக் கணக்கு ஏறி, உண்மையிலேயே பெருத்த இதயம்கூட இயல்புபோலத் தெரியலாம்.

உங்கள் பிள்ளைக்கு எக்கோ எடுக்கும்போது, பழைய உயரத்தையும் நிறையையும் சொல்லிவிடாதீர்கள். அன்றைக்கே அளக்கச் சொல்லுங்கள்.