விண்டோஸ் 10: கடைசி இற்றைப்படுத்தல்களைக் கையில் வைத்திருப்பது ஏன் அவசியம்?

இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவை 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி பணம் பறிக்கும் தீம்பொருளிடம் சிக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச நிறுவனங்களின் சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் தாக்குதல் நாள் வரையிலான மின்னஞ்சல்களை மீட்க முடியவில்லை. அந்தக் காலத்துக்கு, இணைப்பிலிருந்து பிரித்துத் தனியாக வைத்த காப்புப் பிரதி இருக்கவில்லை. சேவையை இயக்கி வந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மென்பொருள். அதற்கான ஆதரவு அதே ஆண்டு ஏப்ரல் 11ஆம் திகதியே முடிந்திருந்தது. புதிய பதிப்புக்கு மாறும் திட்டம் 2021இலேயே இருந்தும் நிதித் தட்டுப்பாடு போன்ற காரணங்களால் தள்ளிப்போய்க்கொண்டே வந்தது.

அரசின் சேவையகத்துக்கு வந்த அதே நிலை இப்போது வீட்டு மேசைக்கும் கடை மேசைக்கும் வந்திருக்கிறது. 2015 ஜூலை 29இல் வெளியான விண்டோஸ் 10இன் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது.

ஆதரவு முடிந்தால் என்ன ஆகும்?

மறுநாள் காலையில் கணினி வழக்கம்போலவே இயங்கும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசொப்ட் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுகிறது. ஆதரவு முடிந்த இயங்குதளத்துக்கு அவை வருவதில்லை. ஆனால் புதிய ஓட்டைகளைத் தேடுகிறவர்கள் தேடிக்கொண்டேதான் இருப்பார்கள்.

புதிய கணினி வாங்கினால் தீர்ந்தது என்று சொல்லிவிடலாம். எல்லோராலும் அது முடியாது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். 2022இல் டொலரின் விலை 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயைத் தாண்டிய பிறகு, இறக்குமதிக் கணினி சிறு கடைக்காரருக்கு எட்டாத பொருளாகிவிட்டது. கல்முனை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று நீளும் அம்பாறைக் கரையோரத்தில், ஒரு கொமியூனிகேஷன் கடையின் வருமானத்தில் கணினியை மாற்றுவது சின்ன விஷயமல்ல. இலங்கை அச்சகங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவிலும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளிலும் பல ஆண்டுகளாகச் செய்து வைத்த அழைப்பிதழ்களும் பிரசுரங்களும் பெரும்பாலும் பழைய கணினியில்தான் ஒழுங்காகத் திறக்கும். எனவே பழைய கணினிகள் ஓடத்தான் போகின்றன. அவற்றை எந்த அளவு பாதுகாப்பாக ஓட்டலாம் என்பதே பயனுள்ள கேள்வி.

கட்டி முடித்ததோடு வேலை முடிந்துவிடாது என்பதற்கு இந்தக் கரையிலேயே சாட்சி இருக்கிறது. டென்மார்க் கடனுதவியில் 2008இல் பணி தொடங்கி 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் வாயை மணல் மூடியது. தோண்டத் தோண்ட மீண்டும் சேர்ந்தது. மண் அகற்றும் பணி நின்றபோது படகுகள் உள்ளே வர வழியில்லாமல் போனது. இயங்குதளத்துக்கு மாதாந்தத் திருத்தங்களும் அப்படிப்பட்ட தொடர்வேலைதான்.

வெளிவந்த திருத்தங்களும் காணாமல் போகும்

புதிய திருத்தங்கள் வராது என்பது பலருக்குத் தெரியும். ஏற்கெனவே வெளிவந்தவை கூடக் கிடைக்காமல் போகலாம் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

லினக்ஸ் உலகில் சென்ட்ஓஎஸ் 7 நல்ல உதாரணம். 2024 ஜூன் 30ஆம் திகதி அதன் ஆயுள் முடிந்தது. உடனேயே இற்றைப்படுத்தல் பட்டியலை வழங்கிய முகவரியும் நிறுத்தப்பட்டது. உலகெங்கும் சேவையகங்களில் ஒரு சிறு மென்பொருளை நிறுவப்போனவர்களுக்குக் கூட, முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற பிழைச் செய்திதான் கிடைத்தது. கோப்புகள் அழியவில்லை. வேறொரு பழைய காப்பகத்துக்கு மாற்றப்பட்டிருந்தன. அமைவுக் கோப்பில் முகவரியைத் திருத்தத் தெரிந்தவர்கள் தப்பித்தார்கள்.

விண்டோஸ் 7இல் சிக்கல் வேறு விதமானது. 2019இல் மைக்ரோசொப்ட், இற்றைப்படுத்தல் கோப்புகளுக்கான டிஜிட்டல் கையொப்பத்தை ஷா-1 முறையிலிருந்து வலுவான ஷா-2 முறைக்கு மாற்றியது. பழைய இறுவட்டிலிருந்து இன்று விண்டோஸ் 7ஐ நிறுவினால், அந்தக் கணினிக்குப் புதிய கையொப்பத்தை வாசிக்கத் தெரியாது. பின்னாளில் வந்த திருத்தத்தை அதில் ஏற்றப்போனால் 80092004 என்ற பிழை எண்தான் கிடைக்கும். முதலில் கேபி4490628, அடுத்து கேபி4474419 என்ற இரண்டு கோப்புகளையும் ஏற்றியாக வேண்டும். பிறகுதான் மற்றவை ஏறும். பத்துக் கோப்புகளைச் சேமித்து வைத்தவரிடம் இந்த இரண்டும் இல்லையென்றால் அந்தப் பத்தாலும் பயனில்லை.

எக்ஸ்பி முதலான இன்னும் பழைய பதிப்புகளுக்கு மைக்ரோசொப்டின் இற்றைப்படுத்தல் வாசலே 2020இல் அடைபட்டது. அதை மீண்டும் இயங்கச் செய்திருப்பது ‘லெகசி அப்டேட்’ என்ற தன்னார்வ முயற்சி. சம்பளமில்லாமல் அந்த வேலையைச் செய்கிறவர்களுக்குப் பழைய கணினி வைத்திருக்கும் எல்லோரும் நன்றி சொல்ல வேண்டும்.

சேமிப்பது எப்படி?

விண்டோஸ் 10இல் ஒரு வசதி உண்டு. அதன் மாதாந்தத் திருத்தங்கள் திரட்டு வடிவில் வருவதால், கடைசித் திரட்டு ஒன்றே முந்தையவற்றையும் உள்ளடக்கும். விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2க்கு 2025 ஒக்டோபர் 14இல் வந்தது கேபி5066791. மைக்ரோசொப்ட் அப்டேட் கேட்டலொக் என்ற அதிகாரபூர்வ தளத்தில் இந்த எண்ணைத் தேடினால் கோப்பு கிடைக்கும். 64 பிட், 32 பிட் கணினிகளுக்குத் தனித்தனிக் கோப்புகள் என்பதால் பார்த்து எடுக்க வேண்டும்.

தரவிறக்கிய கோப்பின் பெயரில், கேபி எண்ணுக்குப் பிறகு ஒரு கீழ்க்கோடும் அதையடுத்து 40 எழுத்தெண்களும் இருக்கும். அதுதான் கோப்பின் கைரேகை. விண்டோஸிலேயே உள்ள செர்ட்யூட்டில் கட்டளையைக் கொண்டு கோப்பின் ஷா-1 மதிப்பைக் கணக்கிட்டு அதனுடன் ஒப்பிடலாம். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பு பழுதடைந்திருக்கிறது என்று பொருள். சில ஆண்டுகள் கழித்து வன்தட்டிலிருந்து எடுக்கும்போதும் இதே சோதனையைச் செய்யலாம். தெரியாத தளங்களில் கிடைக்கும் ‘முழுத் தொகுப்பு’களை எடுக்கவே கூடாது.

திருத்தக் கோப்புடன் இயங்குதளத்தின் நிறுவல் கோப்பு, பிரிண்டர், ஸ்கேனர் போன்றவற்றின் டிரைவர்கள், எழுத்துருக்கள், எதை எதற்குப் பின் ஏற்றுவது என்ற குறிப்பு ஆகியவையும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பழைய பிரிண்டர்களின் டிரைவர்களை உற்பத்தியாளர்களே தளத்திலிருந்து நீக்கிவிடுவதுண்டு. இரண்டு வெவ்வேறு வன்தட்டுகளில் பிரதி எடுத்து, ஒன்றை வேறு கட்டிடத்தில் வைப்பது நல்லது.

சேமிப்பின் எல்லை

சேமித்த கோப்பு நேற்று வரையிலான ஓட்டைகளை மட்டுமே அடைக்கும். அதையும் ஏற்றினால்தான் பலன். 2017 மே 12இல் பரவிய வன்னாகிரை தீம்பொருளைத் தடுக்கும் திருத்தம் அந்த ஆண்டு மார்ச் 14ஆம் திகதியே வெளிவந்திருந்தது. அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள்தான் மிக அதிகமாகப் பாதிக்கப்பட்டன. அவற்றில் அந்தத் திருத்தம் ஏற்றப்பட்டிருக்கவில்லை.

நாளைய ஓட்டைகளுக்கு இரண்டு வழிகள் உண்டு. தனிநபர் கணினிகளுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் அறிவித்தது. மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்து, கணினியின் அமைப்புகளைக் காப்பெடுக்க ஒப்புக்கொண்டால் கட்டணமில்லை. இல்லையென்றால் 30 டொலர். இன்னொரு வழி லினக்ஸ். கேரள அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட தனிப் பதிப்பில் இயங்குகின்றன. இலங்கையில் பள்ளி மாணவரை மனத்தில் வைத்து ‘ஹந்தான’ லினக்ஸ் உருவாக்கப்பட்டது. இரண்டும் முடியாத கணினியை இணையத்திலிருந்து பிரித்துவிட வேண்டும். பாமினிக் கோப்புகளைத் திறக்க மட்டும் பயன்படும் அச்சகக் கணினிக்கு இணையம் தேவையில்லை. அதில் செருகும் பென் டிரைவை மட்டும் வேறொரு கணினியில் பரிசோதித்துக்கொண்டால் போதும்.

இதையெல்லாம் ஒவ்வொரு கடைக்காரரும் தனியாகச் செய்ய வேண்டும் என்பது நியாயமில்லை. ஒரு பாடசாலையோ பிரதேச சபையோ தன் கணினிகளுக்கான திருத்தங்களை ஒரே சேவையகத்தில் இறக்கி, அங்கிருந்து பகிர்வதற்கு மைக்ரோசொப்டின் டபிள்யூசஸ் வசதி இன்றும் இயங்குகிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கணினி படித்த இளைஞர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். 2026 ஒக்டோபருக்கு முன் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் ஒரு வார இறுதி முகாம் நடத்தி, வருகிற கணினிகளில் கடைசித் திருத்தத்தை ஏற்றி, காப்புப் பிரதி எடுத்துக் கொடுத்து, தகுதியானவற்றை நீட்டிப்பில் பதிந்துவிட அவர்களால் முடியும். தேவையானவை சில வன்தட்டுகள், நல்ல இணைய இணைப்புள்ள ஒரு மண்டபம், முன்கூட்டியே பள்ளிவாசல்களிலும் கடைகளிலும் ஒட்டிய ஓர் அறிவித்தல்.