சொல்லிச் செய்யும் கார் ஏன் இவ்வளவு நாள் எடுக்கிறது?

ரோல்ஸ்-ராய்ஸ், பென்ட்லி போன்ற கார்களைத் தன் விருப்பப்படி செய்யச் சொல்லி முன்பணம் கட்டுகிறவர் பல மாதங்கள் காத்திருக்கிறார். சில சமயம் ஒரு வருடத்தையும் தாண்டிவிடும். கையால் செய்வதால்தான் இத்தனை தாமதம் என்று பொதுவாக நம்பப்படுகிறது. அது பாதிதான் உண்மை. காத்திருக்கும் காலத்தின் பெரும்பகுதி, காரில் யாரும் கை வைப்பதற்கு முன்பே கழிந்துவிடுகிறது.

கூட்டமான டிபன் கடையில் தோசை சுட மூன்று நிமிடம்தான் ஆகும். ஆனால் நம் டோக்கனுக்கு முன்னால் நாற்பது பேர் இருப்பார்கள். கார் விஷயமும் அப்படித்தான். வருடத்துக்கு 500 கார் செய்யும் தொழிற்சாலையில் 2,500 ஆர்டர் சேர்ந்துவிட்டால், ஒரு கார் செய்ய ஒரு மாதம் போதுமென்றாலும் கடைசி ஆளுக்கு ஐந்து வருடம் ஆகும்.

இங்கிலாந்தின் மால்வெர்ன் நகரில் உள்ள மார்கன் நிறுவனத்தில் இதுதான் நடந்தது. ஆஷ் மரத்தில் சட்டம் கட்டி, அதன்மேல் தகட்டைப் பொருத்தி, ஒரு கொட்டகையிலிருந்து அடுத்த கொட்டகைக்குக் காரைக் கையால் தள்ளிக்கொண்டு போகும் இடம் அது. 1980களின் இறுதியில் அங்கே ஆர்டர் கொடுத்தவர்கள் ஐந்து வருடத்துக்கும் மேல் காத்திருந்தார்கள். 1990இல் பிபிசி தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக அங்கே போன தொழில் நிபுணர் சர் ஜான் ஹார்வி-ஜோன்ஸ், விலையை உயர்த்துங்கள், உற்பத்தியைப் பெருக்குங்கள் என்று சொன்னார். பீட்டர் மார்கனும் மகன் சார்லஸும் ஒப்புக்கொள்ளவில்லை. நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் புதிதாக ஆர்டர் கொடுக்க, வரிசை இன்னும் நீண்டது. நீண்ட வரிசை, விற்று முடிந்த சரக்குக்குச் சமம். அதைக் குறைக்க எந்த நிறுவனமும் அவசரப்படாது. பிற்காலத்தில் உற்பத்தி மெல்லக் கூடியபோது மார்கனிலும் காத்திருப்பு மாதக்கணக்குக்கு இறங்கியது.

இனி, கைவேலை. ரோல்ஸ்-ராய்ஸ் 2003 முதல் கார் செய்துவரும் குட்வுட் ஆலை, தென் இங்கிலாந்தில் இருக்கிறது. ஒரு ஃபான்டம் காருக்கு 450 மணி நேரத்துக்கு மேல் உழைப்பு தேவை என்கிறது நிறுவனம். காரின் உள்கூரையில் நட்சத்திரங்கள் மின்னுவதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதற்காகத் தோலில் 800 முதல் 1,600 துளைகள் இட்டு, ஒவ்வொன்றிலும் ஒளியிழையைக் கையால் நுழைக்கிறார்கள். எல்லா இழையும் ஒரே ஆழத்தில் நின்றால் எல்லாம் ஒரே மாதிரி மின்னும் என்பதால், ஆழத்தையும் சாய்வையும் வேண்டுமென்றே மாற்றுகிறார்கள். இந்த ஒரு வேலைக்கே 17 மணி நேரம் வரை ஆகிறது. உள்ளே பதிக்கும் மரத்தகடுகள் முழுவதும் ஒரே மரத்திலிருந்து வர வேண்டும். நடுக்கோட்டின் இடப்புற ரேகையும் வலப்புற ரேகையும் கண்ணாடிப் பிம்பம்போல் பொருந்த வேண்டும்.

காரின் பக்கவாட்டில் ஓடும் மெல்லிய வண்ணக்கோட்டின் அகலம் 3 மில்லிமீட்டர்தான். அணில் முடித் தூரிகையால் அதை வரைந்துவந்தவர் மார்க் கோர்ட். பல வருடங்கள் ஆலையில் அந்த வேலைக்கு இருந்தது அவர் ஒருவர்தான். ஆலை எவ்வளவு பெரிதானாலும், இப்படி ஓரிருவருக்கு மட்டுமே கைவந்த வேலையின் வேகத்தில்தான் வரிசை நகரும். 2023இல் ரோல்ஸ்-ராய்ஸ் உலகம் முழுவதும் விற்ற கார்கள் 6,032. 2025 ஜனவரியில் குட்வுட் ஆலையை விரிவாக்க 30 கோடி பவுண்டுக்கு மேல் ஒதுக்கியதும், எண்ணிக்கையைக் கூட்ட அல்ல. இன்னும் நுணுக்கமான கார்களைச் செய்ய இடம் வேண்டும் என்பதற்காகத்தான்.

வாங்குபவரே கூட்டிக்கொள்ளும் தாமதமும் உண்டு. புடவையின் நிறம், வளர்ப்பு நாயின் ரோமத்தின் நிறம் என்று புதிதாக ஒன்றைக் கேட்டால், அந்த பெயின்ட்டைக் கலந்து, உலோகத்திலும் பம்பரின் பிளாஸ்டிக்கிலும் ஒரே மாதிரி தெரிகிறதா, வெயிலில் மங்குகிறதா என்று சோதித்த பிறகே காரில் அடிப்பார்கள். இதற்கே மாதங்கள் ஓடிவிடும்.

யார் கையிலும் இல்லாத காரணங்களும் வரும். 2022இல் உக்ரைன் போரால் அங்கிருந்து வரவேண்டிய வயரிங் கட்டுகள் நின்றுபோய், ஐரோப்பிய ஆலைகள் பல முடங்கின. அதே வருடம் பிப்ரவரியில் போர்ஷே, பென்ட்லி, லம்போர்கினி உட்படச் சுமார் 4,000 வாகனங்களோடு அமெரிக்கா போன ஃபெலிசிட்டி ஏஸ் கப்பல் தீப்பிடித்து, மார்ச்சில் அசோரஸ் தீவுகளுக்கு அருகே மூழ்கியது. செய்து முடித்த காருக்காகக் காத்திருந்தவர்கள் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க நேர்ந்தது.

ஆகவே டீலரிடம் “கார் எப்போது வரும்?” என்று மட்டும் கேட்காதீர்கள். ஆலையில் என் காருக்கு இடம் உறுதியாகிவிட்டதா, இல்லை உங்கள் பட்டியலில் மட்டும் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். நிறம், தோல், மரம் ஆகியவற்றை எந்தத் தேதிக்குப் பிறகு மாற்ற முடியாது, சொல்லும் தேதி ஆலையை விட்டுக் கிளம்புவதா வீட்டு வாசலுக்கு வருவதா, விலை ஏறினால் யார் ஏற்பது, விலகினால் முன்பணம் திரும்புமா: இவை எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். அவ்வளவு காலம் பொறுக்க முடியாதென்றால், வேறொருவர் ஆர்டர் கொடுத்துப் பின்வாங்கிய கார் ஏதும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அவர் தேர்ந்தெடுத்த நிறம் உங்களுக்குச் சம்மதமென்றால், ஒரு வருடக் காத்திருப்பு சில வாரங்களில் முடியலாம்.