தரகரின் மஞ்சள் பையும் கைப்பேசித் திரையும்

சிவமும் சக்தியும் ஓருடலாய் நிற்கும் அர்த்தநாரீசுவரர் மலையை நித்தம் அண்ணாந்து பார்க்கிற திருச்செங்கோட்டுக்காரர்களுக்கே, பிள்ளைக்குப் பெண் தேடுவது இன்று பெரும் பிரயாசையாகிவிட்டது.

ஒரு தலைமுறைக்கு முன்னர் இந்தச் சேலம், நாமக்கல் சமவெளியில், மஞ்சள் பைக்குள் முப்பது நாற்பது ஜாதகங்களைச் சுருட்டிக்கொண்டு ராசிபுரத்துக்கும் பரமத்திக்கும் பேருந்தில் அலைந்த தரகரை ஜனங்கள் நம்பினார்கள் என்பதைவிட, அவர் சொன்னதை மறுநாளே அந்த ஊர் டீக்கடையில் விசாரித்துவிடும் தங்கள் சாமர்த்தியத்தை நம்பினார்கள் என்பதே சரி. பையன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறான் என்றால், வண்டி யார் பேரில் இருக்கிறது, தவணை எத்தனை பாக்கி, வடநாட்டில் போர் போடப் போன இடத்தில் குடிப்பழக்கம் உண்டா என்பதெல்லாம் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

1997இல், அமெரிக்காவில் பணியாற்றிய முருகவேல் ஜானகிராமன் தமிழர்களுக்கென ஓர் இணையதளம் தொடங்கியபோது, அதில் ஒரு பகுதியாக இருந்த வரன் பக்கமே ஜனங்களை அதிகம் ஈர்த்தது. பாரத் மேட்ரிமோனி அதிலிருந்து வளர்ந்தது. ஜாதகம் கடல் கடந்தது. டீக்கடை கூடவே போகவில்லை.

எங்கள் தெரு அத்தை ஒருவர், மகனுக்காக ஒரு செயலியில் பணம் கட்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியும் இறக்கியும் பொடியெழுத்துக்களோடு போராடி, பிடித்துப்போன முதல் எண்ணை அழைத்தார். "எனக்குக் கல்யாணமாகிக் கொழந்தையே நடக்குதுங்க" என்றது மறுமுனை. விவாகமானவரின் பெயரை நீக்காத செயலிக்கு வர்ணஜாலம் எதற்கு?

இவ்வட்டாரத்து வழக்கம் அறியாமல் செயலி அமைப்பவருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கொங்கு வேளாளரில் ஒரே கூட்டத்தார், அதாவது ஒரே குலத்தார், பங்காளிகள். கொள்வினை கொடுப்பினை இல்லை. கண்ணன் கூட்டத்துப் பெண்ணுக்குக் கண்ணன் கூட்டத்துப் பையனைக் காட்டினால், அண்ணனையே வரனாகக் காட்டியதற்குச் சமம். வீட்டுப் பெரியவர் அக்கணமே கைப்பேசியைக் கீழே வைத்துவிடுவார். (சாதிக் கட்டத்தை வெறுமையாக விடுவோருக்கும் தடையின்றி வழி திறக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.) பெண்ணின் படமும் எண்ணுமோ, அவள் சம்மதித்த பிறகே எவர் கண்ணிலும் பட வேண்டும்.

பெண் சிசுக்கொலையின் கொடுமையால் 1992இல், பெற்றோர் வேண்டாமென்ற பெண் சிசுக்களை அரசே ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதன்முதலில் சேலத்தில்தான் தொடங்க நேர்ந்தது. பெண்பிள்ளைகள் குறைந்துபோன அக்காலத்தில் பிறந்த ஆண்பிள்ளைகள் இன்று முப்பதைக் கடந்து, பெண் அமையாமல் பாலக்காடு வரை தேடுகிறார்கள். அந்த ஏக்கத்தை மோப்பம் பிடித்து முன்பணம் கறக்கும் மோசக்காரருக்கு, சரிபார்க்காத செயலி ஒரு திறந்த வீடு.

மத்திய அரசு 2016 ஜூனில் திருமணத் தளங்களுக்கு வெளியிட்ட அறிவுரை, பதிவு செய்வோரின் கைப்பேசி எண்ணைச் சரிபார்க்கவும், அடையாளச் சான்று பெறவும், குறைகேட்கும் அதிகாரியின் பெயரையும் தொடர்பையும் வெளிப்படையாகப் போடவும் சொல்கிறது. ஆகவே, பணம் கட்டுமுன் அந்த அதிகாரியின் பெயர் செயலியில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தாலும், பெண் பார்க்கப் புறப்படுமுன் மாமனையோ மச்சானையோ அந்த ஊர் டீக்கடைக்கு ஒருநடை அனுப்பிவிடுங்கள்.